விலை குறைந்த டீயை ஏன் கடலில் கொட்டினார்கள்?

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அமெரிக்கப் புரட்சி ரொம்ப எளிமையானது. இங்கிலாந்து ராஜா வரி மேல் வரி போட்டார். காலனிக்காரர்களால் தாங்க முடியவில்லை. டீப்பெட்டிகளைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். நாடு பிறந்தது. ஐந்து மார்க்.

இந்தக் கதையில் ஒரே ஒரு ஓட்டைதான். 1773இல் வந்த தேயிலைச் சட்டம் டீ விலையை ஏற்றவில்லை. குறைத்தது.

அந்தச் சட்டத்தின் பின்கதையில் நம்ம ஊரும் இருக்கிறது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை மதராஸ் வாசல்வரை வந்தபோது லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் சரிந்தன. அதையொட்டி வங்கத்தில் பெரும் பஞ்சம். 1772இல் கம்பெனி கடனில் மூழ்கி அரசாங்கத்திடம் கையேந்தியது. கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மலைபோலக் கிடந்தது. அதை இடைத்தரகர் இல்லாமல் நேராக அமெரிக்காவில் விற்றுக்கொள்ளுங்கள் என்று பாராளுமன்றம் அனுமதித்தது. பவுண்டுக்கு 3 பென்னி வரி பழையதுதான், அதைச் சேர்த்தாலும் டீ மலிவு. ஆனாலும் டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளை உடைத்துத் தண்ணீரில் கொட்டினார்கள்.

"அதெல்லாம் கடத்தல்காரர்கள் வேலை ப்ரோ, அவங்க பிசினஸ் படுத்துடும்னு பயம்" என்று இங்கே ஒருவர் கட்டாயம் வருவார். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கு நஷ்ட பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அதோடு கதை முடிந்ததா? 1774இல் பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தையே இழுத்து மூடியது. மாசசூசெட்ஸின் சாசனத்தைத் திருத்தி, உள்ளூர் மக்களின் ஊர்க்கூட்டங்களுக்குக்கூடக் கட்டுப்பாடு போட்டது. உடனே தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. கனெக்டிகட்டில் ஆடு வளர்த்தவர் எந்த டீயைக் கடத்தினார்? "எல்லாம் காசுக்குத்தான்" என்பது ஆழமான அறிவு மாதிரித் தோன்றும். பாதி நேரம் அது படிக்கச் சோம்பல்படுவதற்கான சாக்கு.

அவர்களை உறுத்தியது வரியின் அளவைவிட ஒரு கேள்வி: எங்களை யார் கேட்டது? பிரிட்டன் ஏழாண்டுப் போரில் ஏறிய கடனைச் சமாளிக்க 1765இல் முத்திரை வரி போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் 1766இல் திரும்பப் பெற்றது. அதே நாளில் இன்னொரு சட்டம் போட்டது: காலனிகளுக்காக எந்த விஷயத்திலும் சட்டம் இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு. அதாவது, இந்த முறை விட்டுவிடுகிறோம், ஆனால் நாங்கள் நினைத்தால் எதையும் செய்யலாம். அங்கே தங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லையே என்று காலனிகள் கேட்டபோது வந்த பதில் இன்னும் அழகு. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூடத்தான் இல்லை, உங்களுக்கும் சேர்த்து நாங்களே யோசிக்கிறோம்! தன் அநீதிக்கு இன்னொரு அநீதியைச் சாட்சி கூப்பிடுகிற வாதம் இது. இதை இன்றைக்கும் எத்தனை பேர் வாயில் கேட்கிறோம்.

இவ்வளவு நடந்தும் அவர்கள் ராஜாவைத் திட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. திட்டெல்லாம் பாராளுமன்றத்துக்கும் மந்திரிகளுக்கும். ராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் சரியில்லை. நமக்குப் பழகிய வசனம், இல்லையா? 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்த பிறகும், ஜூலையில் மூன்றாம் ஜார்ஜுக்குப் பணிவாக ஒரு சமாதான மனு அனுப்பினார்கள். மனு கடல் தாண்டிப் போய்ச் சேர வாரக்கணக்காகும். போய்ச் சேர்ந்தது. ராஜா அதை வாங்கக்கூட மறுத்தார். ஆகஸ்டிலேயே அவர்களைக் கலகக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ஒரு சிறு நூலில் முடியாட்சி என்ற ஏற்பாட்டையே கேலி செய்தபோது, கேட்கிற காதுகள் தயாராக இருந்தன. கடைசி நம்பிக்கையும் கைவிட்ட பிறகுதான் அவர்கள் எதிரியின் பெயரை மாற்றினார்கள். ஜூலை 4 பிரகடனத்தின் குற்றப்பட்டியல் முழுக்க "அவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று ராஜாவை நோக்கி விரல் நீட்டுவது அதனால்தான்.

சரி, இப்போது இந்தத் தலைவர்களின் படத்தை மாட்டி மாலை போடுகிறவர்களிடம் வருவோம். அந்தக் காலனிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் அடிமை. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது, அது பழங்குடிகளின் நிலம் என்று ராஜா 1763இல் கோடு போட்டது நில வியாபாரிகளுக்குக் கசந்தது. வாஷிங்டனுக்கும் அந்த நிலத்தில் கண் இருந்தது. 1775 நவம்பரில், புரட்சிக்கார எஜமானர்களை விட்டு ஓடிவந்து எங்கள் பக்கம் போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் அறிவித்தார். ஊசலாடிக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகள் பலர் அன்றைக்கே புரட்சிக்காரர்களாகிவிட்டார்கள். சுதந்திர தாகத்துக்கு இப்படியும் ஒரு ஊற்று இருந்தது.

அப்படியென்றால் மொத்தமும் பித்தலாட்டமா? இங்கேதான் நான் இரண்டு கட்சியோடும் சண்டைக்கு நிற்கிறேன். கோரிக்கை சரியானது. அதை எழுப்பியவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் உயரம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒரு நியாயத்தை முதலில் உரக்கச் சொன்னவன், அதற்குப் பட்டா வாங்கிவிடுவதில்லை.

மாசசூசெட்ஸில் ஷெஃபீல்ட் என்று ஒரு ஊர். டீப்பெட்டி கவிழ்வதற்கு முன்பே, 1773 ஜனவரியில், ஜான் ஆஷ்லி என்ற பெரிய மனிதரின் வீட்டில் ஊர்ப் பிரமுகர்கள் கூடி ஒரு தீர்மானம் எழுதினார்கள். இயற்கையில் மனிதர்கள் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று அது சொன்னது. அந்த ஆஷ்லி வீட்டில் அடிமையாக இருந்தவர் பெட் என்ற பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்தது. 1780இல் மாசசூசெட்ஸின் புதிய அரசியல் சட்டமும் அதே வாக்கியத்தைச் சொன்னதும், அவர் ஒரு வக்கீலிடம் போனார். அந்தச் சட்டம் எனக்கும் பொருந்தாதா என்று கேட்டார். வக்கீல் தியடோர் செட்ஜ்விக், அன்று ஆஷ்லி வீட்டில் தீர்மானம் எழுதிய குழுவில் இருந்த அதே ஆள். 1781இல் வழக்கு ஜெயித்தது. ஆஷ்லி 30 ஷில்லிங் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தப் பெண் எலிசபெத் ஃப்ரீமன் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார். மறுபடியும் சம்பளத்துக்கு வேலைக்கு வா என்று ஆஷ்லி கூப்பிட்டும் அவர் போகவில்லை.

இனி அமெரிக்கப் புரட்சியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், வாஷிங்டனிடம் போவதற்கு முன்னால் ஷெஃபீல்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எங்களை யார் கேட்டது என்ற கேள்வியை லண்டனை நோக்கிக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர், தான் வேலை பார்த்த வீட்டின் எஜமானரைப் பார்த்துக் கேட்டார்.