ஒரு சொல்லும் 9,329 வாக்குகளும்

'தவளை தன் வாயால் கெடும்' என்பது நாம் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்த பழமொழி. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த செனட் தேர்தலை அதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. என் கருத்து சற்று வேறு.

பதவியில் இருந்த செனட்டர் ஜார்ஜ் ஆலன், குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். அடுத்த அதிபர் வேட்பாளராகக்கூடப் பேசப்பட்டவர். அவரை எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஜிம் வெப். வியட்நாம் போரில் பங்கேற்றவர். ஆனால் ஈராக் போரை எதிர்த்தவர்.

ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த பிரச்சாரக் கூட்டத்தில், வெப்பின் தொண்டரான 20 வயது மாணவர் ஒருவர் ஆலனின் பேச்சைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இந்திய வம்சாவளி. ஆலன் அவரைச் சுட்டிக்காட்டி, குரங்கினம் ஒன்றைக் குறிக்கும் 'மக்காக்கா' என்ற சொல்லால் அழைத்தார். "அமெரிக்காவிற்கு நல்வரவு" என்றும் கூறினார். அந்த மாணவர் பிறந்ததோ வர்ஜீனியாவில். ஆலன் பிறந்ததோ கலிபோர்னியாவில்! பிறகு ஆலன் மன்னிப்புக் கேட்டார். ஆனால், அதற்குள் அக்காட்சி நாடெங்கும் பரவிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் இடைநிலைப்பள்ளி நாள்கள் நினைவுக்கு வந்தன. புகுமுக வகுப்பு முடித்துப் படிவம் ஒன்றுக்குச் சென்ற புதிதில், சக மாணவன் ஒருவன், "உன் நாட்டுக்கு எப்போது திரும்பிப் போவாய்?" என்று கேட்டான். என் தாத்தாவே இம்மண்ணில் பிறந்து பால்மரம் சீவியவர். நான் பதில் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. வாயடைத்து நின்றது இன்றும் உறுத்துகிறது.

அந்த மாணவர் சண்டையிடவில்லை. படம் பிடிப்பதை நிறுத்தவும் இல்லை. ஆனாலும் அந்தப் படம் மட்டுமே ஆலனைத் தோற்கடித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஈராக் போர்மீது மக்களுக்கு இருந்த வெறுப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கும் மேலாக, வெறுப்பையும் கோபத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல், மக்கள் வாக்குச்சாவடிக்கு நடந்து சென்றார்கள். 23 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. வெப் 9,329 வாக்குகளில் வென்றார். இறுதியாகத் தெரிய வந்த அந்த முடிவோடு செனட் சபையின் பெரும்பான்மையும் கைமாறியது.

நம் நாட்டு மேலவை உறுப்பினர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் நம் வாக்கு உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை. பதிவும் தானாகவே நடந்துவிடுகிறது. ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். 2022 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. பேருந்துச் சீட்டு விலையையும் தேர்வையும் காரணம் காட்டி விடுதியிலேயே தங்கிவிட்டேன். "என் ஒரு வாக்கு எதை மாற்றும்?" என்று அம்மாவிடம் வாதாடினேன்.

அன்று வகுப்பறையில் வாயடைத்து நின்றேன். அப்போது எனக்கு வயது 14. தேர்தல் நாளில் வாய் திறக்காததற்கு என்ன சாக்குச் சொல்வேன்?

தோழர்களே, தவளை தன் வாயால் கெடும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். கேட்டவர்கள் எழுந்து நடந்தால்தான் அது கெடும். அடுத்த தேர்தலுக்கு நான் ஊருக்குப் போகிறேன். நீங்கள்?