நூலகம் தருமமன்று, உரிமை!



ஆண்டுதோறும் மே மாதத்தின் இறுதி இரவு வருகையில் எம்மவர் நெஞ்சு கனக்கின்றது. 1981 ஆம் ஆண்டு அவ்விரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அக்கொடுமையை மறத்தல் எவர்க்கும் இயலாது, மறத்தலும் ஆகாது. ஆயினும் இன்று ஒரு வினாவைக் கேட்டேயாக வேண்டும். பிறர் எரித்த நூலகத்துக்காக அழுகின்ற நாம், எம் கையிலே இருக்கின்ற நூலகங்களுக்கு என்ன செய்கின்றோம்?

ஊர்தோறும் உள்ள பொது நூலகங்கள் மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியவை. அச்சபைகளிலே அமர்ந்திருப்போர் எம் வாக்கினால் அமர்ந்தோர். 2023 மார்ச்சு மாதத்தோடு சபைகளின் பதவிக்காலம் முடிந்து, ஈராண்டுக்கு மேலாக உத்தியோகத்தரே அவற்றை நடத்தினர். 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்தனர். நூலகத்தை எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்குப் பூட்டுவது, இவ்வாண்டு எத்தனை நூல் வாங்குவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் கொழும்பிலுள்ள அமைச்சர் அல்லர். எம்மூர்த் தவிசாளரும் அவர்தம் சபையுமே. கொழும்பின் தலையிலே பழியைப் போட்டுத் தப்ப முடியாத இடம் இது ஒன்றே!

“வயிற்றுப்பாடு பெரும்பாடாக இருக்கையில் நூலகம் எதற்கு?” என்று கேட்கும் கமக்காரப் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். 2025 மார்ச்சு 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானியிலே, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பற்றி ஓர் அறிவித்தல் வந்தது. 3 மாதங்களுக்குள் உரிமை கோராத காணி அரச காணியாகும் என்பதே அதன் பொருள். எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கும் தொடுக்கப்பட்டது, அவ்வாண்டிலேயே அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. நல்லது. ஆனால் சிந்தியுங்கள்! தன் பாட்டன் உழுத காணியின் பெயர் வர்த்தமானியில் அச்சாகியிருப்பதை ஓர் ஏழைக் கமக்காரன் எங்கே சென்று அறிவான்? அதனைத் தன் மொழியிலே எடுத்துக் காட்டி, “ஐயா, இது உங்கள் காணி, இத்தனையாம் திகதிக்கு முன் உறுதியோடு செல்லுங்கள்” என்று சொல்வதற்கு ஊரிலே ஓர் இடம் வேண்டாமா? அந்த இடமே நூலகம். சட்டம் தெரியாமல் நிலத்தை இழந்தவன், வழக்கறிஞன் வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனை எம் தொழிலில் உள்ளோர் யாவரும் அறிவர்.

இனி, நோயின் வேர் யாதெனப் பார்ப்போம். எமது உள்ளூராட்சிச் சட்டங்கள் நூலகம் அமைத்து நடத்தும் அதிகாரத்தைச் சபைகளுக்குத் தருகின்றன. அதிகாரம் வேறு, கடமை வேறு. “செய்யலாம்” என்னும் சொல்லுக்கும் “செய்தல் வேண்டும்” என்னும் சொல்லுக்கும் இடையே ஒரு கடலே கிடக்கின்றது. செய்யலாம் என்றால் செய்யாமலும் விடலாம். எவரும் கேட்க முடியாது. அதனாலேயே நூலகம், பணம் மிஞ்சினால் செய்யும் தருமமாக நிற்கின்றது.

இங்கிலாந்து இக்கடலைத் தாண்ட நூறாண்டுக்கு மேலாயிற்று. 1850 ஆம் ஆண்டின் சட்டம் நூலகக் கட்டடத்துக்கு வரி அறவிட நகரங்களை அனுமதித்தது. நூல் வாங்க அவ்வரியைச் செலவிட அனுமதிக்கவில்லை! 1855 இலேதான் அப்பிழை திருத்தப்பட்டது. 1964 ஆம் ஆண்டின் சட்டமோ, நிறைவான, திறமையான நூலக சேவையை வழங்குதல் உள்ளூராட்சியின் கடமை என விதித்தது. 2009 இல் விர்ரல் என்னும் நகராட்சி தன் நூலகங்களில் 11 ஐ மூடத் துணிந்தபோது, அச்சட்டத்தின் கீழ் அரசு விசாரணை வைத்தது. மூடும் திட்டமும் கைவிடப்பட்டது. எம் அயலிலே சென்னை மாகாணம் 1948 இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து அறவிட வழி செய்தது. அதற்கு உழைத்த அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனே யாழ்ப்பாண நூலகத்துக்கும் ஆலோசனை கூறியவர். அவரை அழைத்து ஆலோசனை பெற்ற நாம், அவர் வகுத்த சட்டநெறியை மட்டும் பின்பற்றாது விட்டோம்.

சட்டம் ஒன்றே போதுமோவெனின், போதாது. அதே இங்கிலாந்திலே 2010 ஆம் ஆண்டுக்குப் பின் நூற்றுக்கணக்கான நூலகங்கள் பூட்டப்பட்டன. காவல் நிற்கும் மக்கள் இல்லாவிடில் எச்சட்டமும் கடதாசியே. ஆகவே சட்டமும் வேண்டும், சட்டத்துக்குக் காவலும் வேண்டும்.

“சபையிலே பணம் இல்லை” என்பர். வரவேற்பு வளைவுக்கும் திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? “புலம்பெயர்ந்த உறவுகள் நூல் அனுப்புவர்” என்பர். அவர்க்கு நன்றி. ஆயின் பிறர் வாசித்துக் கழித்த நூல்களால் மட்டும் நிறையும் அலுமாரி, எம் பிள்ளைக்கு வேண்டியதையன்றிப் பிறர்க்கு வேண்டாததையே தரும். “கைபேசியிலே எல்லாம் உண்டு” என்பர். கைபேசிக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளையையும், அதிலே வருவதில் மெய் எது பொய் எது எனப் பிரித்தறிய வழியற்ற முதியவரையும் இவர்கள் கண்டதில்லை போலும்!

தலைமை என்பது பதவியன்று. 1933 ஆம் ஆண்டு கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலே நூல்களைச் சேர்த்து ஊராருக்கு வழங்கத் தொடங்கினார். 1934 இல் அது வாடகை அறை ஒன்றுக்கு மாறியபோது நூல்கள் 1,000 கூட இல்லை. 1935 இல் நகர நிருவாகம் அதனைப் பொறுப்பேற்றது. 1959 இல் அது மாபெரும் மண்டபமாக எழுந்தது. ஒரு தனி மனிதர் தொடங்கினார், பொதுமக்கள் சேர்ந்தனர், பின்னரே சபை வந்தது. இன்றும் வழி அதுவே.

ஆகையால் ஒவ்வொரு சபையிடமும் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. சம்பளத்தோடும் கட்டடச் செலவோடும் கலவாது, நூல் வாங்குவதற்கென ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு.

2. கமக்காரனும் கூலியாளும் வேலை முடித்து வரக்கூடிய மாலை வேளையிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்கும் நூலகம்.

3. பயிற்சி பெற்ற நூலகர். அவர் வெறும் திறப்புக் காவலர் அல்லர். வரவு செலவுத் திட்டம் ஆராயப்படும்போது தம் தேவையைச் சபைமுன் எடுத்துரைக்கும் உரிமை அவர்க்கு வேண்டும்.

4. வர்த்தமானி, காணிச் சட்டங்கள், விவசாயத் திணைக்கள வெளியீடுகள் யாவும் தமிழிலே ஒரு மேசையில். கிழமைக்கு ஒரு நாள் அம்மேசையிலே அமர்ந்து விளக்கம் சொல்ல ஊரிலுள்ள சட்டத்தரணியும் விவசாயப் போதனாசிரியரும் முன்வருதல் வேண்டும்.

5. நூலகம் நடத்துதல் கடமையே என விதிக்கும் பாராளுமன்றச் சட்டம் அல்லது மாகாண நியதிச் சட்டம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படாமையைச் சாக்காகக் கொண்டு நாம் உறங்கலாகாது. வரைவை இன்றே எழுதி வைப்போம்.

இவற்றை எவ்வாறு பெறுவது? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கின்றது. “சென்ற ஆண்டு எம் நூலகத்துக்கு எத்தனை நூல் வாங்கினீர்கள்? எவ்வளவு செலவிட்டீர்கள்?” என்று சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர். வந்த விடையை வாசிகசாலைச் சுவரிலே ஒட்டுங்கள். சனசமூக நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும் வாசகர் வட்டங்களும் ஒன்றுகூடி, ஒரே கோரிக்கையைக் கையெழுத்திட்டுத் தவிசாளரிடம் நேரிலே கையளியுங்கள்.

ஒக்ரோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். மாலையும் மேளமும் பேச்சுப் போட்டியும் குறைவின்றி நடக்கும். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் உருவாகும் காலமும் அதுவே. பரிசு வழங்க மேடையேறும் உறுப்பினரிடம், “ஐயா, வரும் ஆண்டு நூலுக்கு எவ்வளவு?” என்று எழுந்து கேளுங்கள். தொகையைச் சொல்லாதவர்க்குக் கைதட்டாதீர்கள்!

சோலைவரி இறுப்பவர் நீங்கள்; வாக்களிப்பவரும் நீங்கள். எரிந்த நூலகத்துக்கு எம் கண்ணீர் மெய்யாயின், இருக்கும் நூலகத்தின் கதவைத் திறந்து வைப்போம். அழுதது போதும், இனிக் கணக்குக் கேட்போம்!