ரின்னை வாங்க முன்னர் இரத்தத்தைப் பாருங்கள்

மாகாண மட்ட மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கும் நாட்களில், கல்முனைக் கடைகளில் புரோட்டீன் பவுடரின் விலை கேட்டு நிற்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். கிட்டங்கி தாம்போதியைக் கடந்து சொறிக்கல்முனை, நாவிதன்வெளிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். கூலி வேலைக்குப் போகும் தகப்பனின் பல நாள் உழைப்பு ஒரு ரின்னில் முடிந்துவிடுகிறது.

யுத்தம் பறித்த வாய்ப்புகளை விளையாட்டாலாவது மீட்கலாம் என்று பெற்றோர் நம்புவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைக்கு எது குறைகிறது என்று தெரியாமலே மருந்து வாங்குகிறோம்.

குறைபாடு உண்மையானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஏழை வீடுகளின் சாப்பாட்டுக் கோப்பையில் முட்டையும் பாலும் அருகின. ஓடும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயோடு கடும் பயிற்சியும் இரும்புச்சத்தைக் குறைக்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச்சோகை. கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கிப் பின்தங்கும் பிள்ளைக்கு 'சோம்பேறி' என்ற பெயர்தான் கிடைக்கிறது. புரோட்டீன் பவுடர் இந்தக் குறையைத் தீர்க்காது.

ரின்னுக்குள் வேறொரு ஆபத்தும் இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டச்சத்துப் பொருட்களைச் சோதித்தபோது, 94இல் லேபிளில் குறிப்பிடாத ஸ்டீரொய்ட் வகைகள் இருந்தன. 2011இல் உபுல் தரங்க தோள்வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, மூன்று மாதத் தடை பெற்றார். உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. தேசிய அணி வீரருக்கு வாதாட ஆட்கள் இருந்தார்கள். எங்கள் கிராமத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே முதலில் அரச வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வைத்தியர் சொல்லாமல் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டாம். தலசீமியா உள்ளவர்களுக்கு அது தீங்காகலாம். கீரையிலுள்ள இரும்பைத் தனியாக உடல் குறைவாகவே உறிஞ்சும். தேசிக்காய்ப் புளியோ ஒரு துண்டு மீனோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். நெத்தலி, பயறு, கௌபி, முட்டை, தயிர் எல்லாம் எங்கள் சந்தையிலேயே கிடைப்பவை.

எல்லாவற்றையும் தாயின் தலையில் கட்டிவிடவும் முடியாது. பயிற்சி தொடங்க முன்னர் அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இரத்தப் பரிசோதனை, பயிற்சி முடிந்ததும் அவித்த பயறும் ஒரு முட்டையும்: வலயக் கல்வி அலுவலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்தால் இதைச் செய்யலாம். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் வெற்றிக் கேடயத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். பதக்கம் வென்ற பின் மாலையோடு வருகிறவர்கள், வெறும் வயிற்றோடு ஓடும் பிள்ளையிடம் அதற்கு முன்னரே வரவேண்டும்.