"தி கிரீன் மைல்": கண்ணீர் இருக்கிறது, நீதி எங்கே?

மூன்று மணி ஒன்பது நிமிடம் ஓடும் அமெரிக்கச் சிறைப்படம் ஒன்று உண்டு. பெயர் "தி கிரீன் மைல்". ஸ்டீபன் கிங் 1996ல் ஆறு சிறு புத்தகங்களாக வெளியிட்ட நாவலை, பிராங்க் டாரபாண்ட் 1999ல் படமாக்கினார். 2000ல் அது வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வீடியோ கேசட்டில் அடங்காத நீளம். இரண்டு கேசட்டுகளாக விற்றார்கள். டிஸ்க்கும் வந்தது, பிறகு புளூ-ரே வந்தது. இன்றும் அதைப் பார்ப்பவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணீரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். 1935ம் ஆண்டு, லூசியானா மாநிலம். மரண தண்டனைக் கைதிகளை அடைத்துவைக்கும் பகுதிக்கு ஜான் காஃபி என்ற கறுப்பினத்தவர் கொண்டுவரப்படுகிறார். இரண்டு வெள்ளைக்காரச் சிறுமிகளைக் கெடுத்துக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவர் நிரபராதி. நோயாளியைத் தொட்டுக் குணமாக்கும் அற்புத சக்தியும் அவரிடம் இருக்கிறது. டாம் ஹாங்க்ஸ் நடித்திருக்கும் தலைமைக் காவலர் இந்த உண்மையை அறிகிறார். அறிந்து என்ன செய்கிறார்? கதவைத் திறந்து விட்டுவிடட்டுமா என்று காஃபியிடமே கேட்கிறார். உலகத்தின் கொடுமைகளைப் பார்த்துக் களைத்துவிட்டதாகக் கூறி, காஃபி சாவை விரும்பி ஏற்கிறார். காவலர்கள் அழுதுகொண்டே அவரை மின்சார நாற்காலியில் உட்காரவைத்துக் கொல்கிறார்கள்.

படத்தில் நல்லதே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். டெலக்ராய் என்ற கைதி கொல்லப்படும் காட்சியை யாரும் எளிதில் மறக்க முடியாது. கைதியின் தலையில் வைக்கும் பஞ்சை ஒரு காவலன் வேண்டுமென்றே நனைக்காமல் விடுகிறான். அந்த மனிதன் உயிரோடு எரிகிறான். பார்க்க வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். சட்டத்தின் பெயரால் நடக்கும் கொலை எவ்வளவு கோரமானது என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

அது வெறும் கற்பனையும் அல்ல. 1946 மே மாதத்தில், அதே லூசியானாவில், வில்லி பிரான்சிஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை மின்சார நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி சரிவர வேலை செய்யவில்லை. சிறுவன் துடித்தான், சாகவில்லை. அவனை இரண்டாம் முறை கொல்லலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கொல்லலாம் என்றார்கள் 5 நீதிபதிகள். கூடாது என்றார்கள் 4 பேர். 1947 மே மாதத்தில் அவனை மீண்டும் உட்காரவைத்துக் கொன்றார்கள்.

காஃபியின் மீது சுமத்தப்பட்ட குற்றத்தைப் போன்ற ஒன்று, தெற்குக் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுச் சிறுவன் மீது சுமத்தப்பட்டது. அங்கும் கொல்லப்பட்டவர்கள் இரண்டு வெள்ளைச் சிறுமிகள். ஜூரிகள் அனைவரும் வெள்ளையர். ஒரே நாளில் விசாரணை முடிந்தது. 1944 ஜூன் மாதம் அவனைக் கொன்றார்கள். அந்தத் தண்டனை செல்லாது என்று ஒரு நீதிமன்றம் அறிவித்தது 2014ல்! எழுபது ஆண்டுகள் கழித்து!

இந்தச் சிறுவர்களில் யாராவது "நான் களைத்துவிட்டேன், என்னைக் கொன்றுவிடுங்கள்" என்று கேட்டார்களா? இல்லை. அப்படியானால் காஃபி ஏன் கேட்கிறார்? அவர் கேட்டால்தான் கொல்பவர்கள் நல்லவர்களாக இருக்க முடியும். செத்தவனே மன்னித்துவிட்ட பிறகு நீதிபதியை யார் கேட்பது? ஜூரிகளை யார் கேட்பது? காஃபிக்காக வாதாடிய வக்கீலே அவரைத் தன் மகனைக் கடித்த நாயோடு ஒப்பிடுகிறார். இவ்வளவு பெரிய உண்மையைத் தொட்டுவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில், காஃபிக்காக ஊர் திரட்டுகிற, மனு எழுதுகிற, கோர்ட்டுப் படியேறுகிற ஓர் ஆளுக்கு இடமில்லை. வெள்ளையரின் நன்மைக்காகவே அற்புதம் செய்துவிட்டு மறைந்துபோகும் இத்தகைய கறுப்பினப் பாத்திரங்களைப் பற்றி, கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ 2001லேயே காரமாகக் கண்டித்துப் பேசினார்.

"இது கதைதானே, சரித்திரமா?" என்று சிலர் கேட்கலாம். நல்லது, சரித்திரத்தையே பார்ப்போம். நாவலில் கதை நடப்பது 1932, படத்தில் 1935. சாவதற்கு முன் காஃபி பார்க்கும் "டாப் ஹாட்" என்ற நடனப் படம் 1935ல் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளிலும் வேறு என்ன நடந்தது?

1931ல் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ நகரில், இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டி 9 கறுப்பின இளைஞர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். சில நாட்களுக்குள் 8 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அமெரிக்கக் கம்யூனிஸ்டுகளும், அவர்கள் முன்னின்று நடத்திய சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்புக் கழகமும் வழக்கைக் கையில் எடுத்தன. ஊர்வலங்கள், கூட்டங்கள், கண்டனங்கள் கடல் கடந்தும் பரவின. விளைவு என்ன? கொலைத் தண்டனை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முறையான வக்கீல் வேண்டும் என்ற தீர்ப்பு 1932ல் வந்தது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து ஒதுக்கிவைத்தது சட்ட விரோதம் என்ற தீர்ப்பு 1935 ஏப்ரலில் வந்தது. சிறையில் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. கடைசி ஆள் வெளியே வர 1950 ஆயிற்று. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவரைக்கூட மின்சார நாற்காலியால் விழுங்க முடியவில்லை!

1935ன் நடனப் படத்துக்குப் படத்தில் இடம் கிடைத்தது. 1935ன் தீர்ப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அற்புதம் செய்யும் தனிமனிதன் செத்தான். அற்புதம் எதுவும் தெரியாத சாமானிய இளைஞர்கள் உயிர் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது மக்களின் போராட்டம்.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1991ல் விஷ ஊசிக்கு மாறிய அதே லூசியானா, 2024ல் சட்டம் கொண்டுவந்து மின்சார நாற்காலிக்கு மீண்டும் அனுமதி அளித்திருக்கிறது. நைட்ரஜன் வாயுவையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் அந்த வாயுவால் ஒரு மனிதனைக் கொன்றும் காட்டிவிட்டது.

தியேட்டரில் படம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. வீட்டில் ஓடும் டிஸ்க்கை நிறுத்தலாம், திருப்பியும் பார்க்கலாம். ஆகவே இந்தப் படத்தைப் பாருங்கள். நண்பர்களோடு சேர்ந்து பாருங்கள். காவலர் கதவைத் திறந்துவிடட்டுமா என்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்காட்ஸ்பரோ இளைஞர்களின் கதையை அங்கே சொல்லுங்கள். "சிறைக் கதவைத் திறக்க வேறு வழி இருந்ததா?" என்று கேளுங்கள். இருந்தது! அந்த வழியில் உழைக்கும் மக்கள் நடந்தும் காட்டினார்கள். காஃபிக்காக அழுத கண்கள் அதையும் பார்க்கட்டும்.