பேச்சா, போஸ்டரா?

மாநாட்டுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்: உரையா, போஸ்டரா? முதல்முறை போகிற மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உரை என்று குறித்துவிடுகிறார்கள். போஸ்டர் இரண்டாந்தரமாம்!

அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் கூட்டங்களில் சாதாரண உரைக்குக் கிடைத்தது 10 நிமிடம், கேள்விக்கு 2 நிமிடம். கேட்க நினைத்தவர் கையைத் தூக்குவதற்குள் அடுத்தவர் மேடையேறிவிடுவார். போஸ்டர் முன்னால் அப்படியில்லை. துறையில் ஊறிய ஒருவர் வந்து நின்று, "இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது?" என்று அரைமணி நேரம் குடைவார். பாதியில் நிற்கும் ஆய்வுக்கு வேண்டியது அந்தக் குடைச்சல்தான். நியூரிப்ஸ் மாநாட்டிலும் ஏற்கப்படும் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை போஸ்டர்களே.

(கட்டுரையை அப்படியே பொடி எழுத்தில் ஒட்டி வைத்தால் ஈகூட நிற்காது. முடிவை மட்டும் நடுவில் கொட்டை எழுத்தில் போடச் சொல்லி மைக் மாரிசன் 2019-ல் வெளியிட்ட வீடியோவைப் பார்க்கலாம்.)

வேலை தேடும் கடைசி வருடக்காரர்கள் வேண்டுமானால் மேடை கேட்கட்டும். அவர்களுக்கு முகம் தெரிந்தாக வேண்டும்.