பசித்த வயிற்றோடு நெடுந்தூரம் மிதிக்க வேண்டாம்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றுக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில், மிதிவண்டியை மீண்டும் கையில் எடுத்தவர்களை இப்போது அடிக்கடி காண்கிறோம். பள்ளிப் பருவத்தோடு மறந்துபோன வண்டியை நாற்பது, ஐம்பது வயதில் மீண்டும் ஓட்டத் தொடங்குகிறார்கள். ஐந்து கிலோமீட்டரில் ஆரம்பித்து, சில மாதங்களில் ஐம்பது, நூறு என்று சென்றுவிடுகிறார்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்பினாலே நூறு கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டரை முடிக்க வேண்டிய ‘பிரெவே’ பயணங்களிலும் சிலர் கலந்துகொள்கிறார்கள்.

மருத்துவர்கள் என்ற முறையில் இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரு பழக்கம் எங்களுக்குக் கவலை தருகிறது. விடியற்காலையில் ஒரு குவளை கறுப்புக் காப்பியோடு வெறும் வயிற்றில் புறப்பட்டு, வழியில் தண்ணீர் மட்டும் குடித்து, நண்பகலில் வீடு திரும்புகிறவர்கள் பலர். “சர்க்கரையும் எடையும் குறையத்தானே ஓட்டுகிறோம், இடையில் சாப்பிட்டால் பயன் போய்விடாதா?” என்று கேட்கிறார்கள். போய்விடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. நெடுந்தூரப் பயணத்தில் உணவை, தலைக்கவசத்தையும் பிரேக்கையும் போன்ற ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே கருத வேண்டும்.

உடலின் கையிருப்பு எவ்வளவு?

நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் ‘கிளைக்கோஜன்’ என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், மணிக்குச் சுமார் 500 கிலோகலோரி செலவாகும். கொழுப்பும் உடன் எரிவதால் கையிருப்பு சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். வேகம் கூடக்கூட, கிளைக்கோஜனின் பங்கே மிகுதியாகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தசையில் உள்ள கையிருப்பைத் தசை தனக்கே வைத்துக்கொள்கிறது. அதை இரத்தத்துக்குத் திருப்பித் தர அதனால் இயலாது. மூளைக்குத் தேவையான சர்க்கரையை இரத்தத்தில் நிலைநிறுத்துவது பெரும்பாலும் கல்லீரலின் பொறுப்பு. நாம் உறங்கும்போதும் மூளை அந்த இருப்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால், விடியும்போது அது வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே வெறும் வயிற்றோடு கிளம்புகிறவர், எரிபொருள் தொட்டி பாதி காலியான நிலையிலேயே பயணத்தைத் தொடங்குகிறார்.

அந்த இருப்பு தீரும்போது கால்கள் திடீரெனக் கனக்கும், கைகள் நடுங்கும், எரிச்சல் வரும், கணிப்பு தவறும். வீட்டில் இருப்பவருக்கு இது ஒரு மயக்கத்தோடு முடிந்துவிடலாம். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் இருப்பவருக்கு, கணிப்பு தவறும் ஒரு நொடியே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியன்று. 1924-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் ஆய்வு செய்தபோது, மிகவும் சோர்ந்திருந்தவர்களிடம் சர்க்கரை அளவு மிகக் குறைவாக இருந்தது. மறு ஆண்டு ஓட்டத்துக்கு முன்னரும் இடையிலும் மாவுச்சத்தும் இனிப்பும் தரப்பட்டபோது நிலைமை சீரடைந்தது. 1966-இல் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்னும் இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டனர். ஒரே உடற்பயிற்சி மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தனர். பின்னர் மாவுச்சத்து மிகுந்த உணவை மூன்று நாட்கள் உண்டபோது, உழைத்த காலின் தசை ஓய்விலிருந்த காலைவிட மிகுதியான கிளைக்கோஜனைச் சேமித்திருந்தது. உழைத்த தசை உணவுக்காகக் காத்திருக்கிறது என்பதை அந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது.

எதை, எப்போது, எவ்வளவு?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சவாரிக்கு வழியில் உணவு தேவையில்லை, தண்ணீர் போதும். கீழே கூறுபவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவோருக்கு உரியவை.

முதல் நாள் இரவு, வழக்கமான உணவை எண்ணெய் குறைத்து உண்டால் போதும். புறப்படுவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்ற அளவிலாவது மாவுச்சத்து தேவை. நான்கு இட்லியும் ஒரு வாழைப்பழமும் ஏறத்தாழ அந்த அளவைத் தந்துவிடும். அதிகாலையில் அவ்வளவு உண்ண முடியாதவர்கள் ஒரு பழமாவது உண்டு கிளம்பி, முதல் மணி நேரத்துக்குள்ளேயே மீதியை உண்ணலாம்.

பயணத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சக்கூடிய குளுக்கோஸுக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீச்சம்பழமும் 35 கிராமை நெருங்கும். வேகவைத்து உப்புத் தூவிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிறு உருண்டைகளாகப் பிடித்த சாதம், சாலையோரக் கடையில் கிடைக்கும் இட்லி ஆகியவையும் நல்லவை. கடலை மிட்டாயில் கொழுப்பும் இருப்பதால் அது மெதுவாகச் செரிக்கும். நிதானமான பயணத்துக்கு ஏற்றது. வடை, பஜ்ஜி, பரோட்டா ஆகியவற்றை வீடு திரும்பும் வரை ஒதுக்கி வையுங்கள். பசி எடுக்கும் வரை காத்திருக்காமல், அரை மணிக்கு ஒரு முறை சிறிது உண்பதே சிறந்தது.

எடை குறைக்க விரும்புவோர் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். 100 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடப்பவர் சுமார் 2,500 கிலோகலோரி செலவிடுகிறார். முதல் மணி நேரத்தை விட்டு, பிறகு மணிக்கு 40 கிராம் வீதம் உண்டால், அவர் எடுத்துக்கொள்வது 640 கிலோகலோரிதான். செலவு வரவைவிடப் பன்மடங்கு அதிகம். உண்ணாமல் ஓட்டியவரோ வீடு திரும்பியதும் கட்டுப்பாடின்றி உண்பதையே நாங்கள் காண்கிறோம்.

பழுப்பு நிற உறைகளிலும் வண்ணப் பொட்டலங்களிலும் விற்கப்படும் ‘ஜெல்’ வகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை தீங்கானவை அல்ல. ஒரு பொட்டலத்தில் பொதுவாக 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதாவது ஏறத்தாழ ஒரு வாழைப்பழம். போட்டியில் ஓடுபவருக்கு அந்த வசதி தேவைப்படலாம். மாத்திரைகளுக்கே மாதந்தோறும் செலவிடும் குடும்பம் அதற்காகவும் செலவிட வேண்டியதில்லை.

உலகின் புகழ்பெற்ற நெடுந்தூரப் பயணமாகிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸை எண்ணிப் பாருங்கள். 1891-இல் தொடங்கிய அது இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. 1,200 கிலோமீட்டரைக் கடக்க 90 மணி நேரம் அளிக்கப்படுகிறது. வழிநெடுகிலும் சிற்றூர் மக்கள் மேசை போட்டு, பயணிகளுக்கு உணவும் நீரும் தருகிறார்கள். அந்தப் பயணத்தின் பெயரால் 1910-இல் சக்கர வடிவில் ஓர் இனிப்புப் பண்டமே உருவாக்கப்பட்டது. நெடுந்தூரம் ஓட்டுவோரின் மரபில் உணவும் பயணத்தின் ஓர் அங்கம்.

நீரும் உப்பும்

நம் வெயிலில் வியர்வையோடு நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம், சில வேளைகளில் வலிப்பு கூட வரலாம். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பயணத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது நல்ல வழி. எடை கூடியிருந்தால் மிகுதியாகக் குடித்திருக்கிறீர்கள். நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் போதாது.

ஒரு லிட்டர் நீரில் நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்தால் நல்ல பயணப் பானம் கிடைக்கும். அந்தச் சர்க்கரையும் சுமார் 50 கிராம் மாவுச்சத்து என்பதை மணிக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட நீர்மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே உப்பின் இழப்பை அது மட்டும் ஈடுசெய்யாது. சிறுநீரக நோயாளிகளும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் தங்கள் மருத்துவர் வகுத்த நீர், உப்பு, பொட்டாசிய அளவுகளை மீறக் கூடாது.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

இன்சுலின், அல்லது கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றுப் பயணம் மிகவும் ஆபத்தானது. மருந்தும் உழைப்பும் ஒரே நேரத்தில் சர்க்கரையைக் கீழே இழுக்கும். நெடும்பயண நாளில் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புறப்படும் முன் சர்க்கரை 90-க்குக் கீழ் இருந்தால், முதலில் உண்டுவிட்டுப் பிறகு கிளம்புங்கள். 250-க்கு மேல் இருந்து உடல்நலமும் சரியில்லையெனில் அன்று ஓட்ட வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் நீண்ட நேரம் உண்ணாமல் உழைத்தால், சர்க்கரை அதிகம் உயராமலேயே இரத்தத்தில் அமிலத்தன்மை கூடக்கூடும். இதயத்துக்காக பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டுமே எச்சரிக்கும்.

இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களை மட்டுமே கொண்ட ‘டீம் நோவோ நார்டிஸ்க்’ என்னும் தொழில்முறை மிதிவண்டி அணி, 2013 முதல் உலகப் போட்டிகளில் பங்கேற்று வருகிறது. சர்க்கரையை அளந்து, திட்டமிட்டு உண்பதே அவர்களுக்கு அதை இயல்வதாக்குகிறது.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்

“சர்க்கரை நோயாளிக்கு எதற்கு வாழைப்பழம்?” என்று பயணப் பையிலிருந்து அதை எடுத்து வைத்துவிடாதீர்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் அது அவருக்குத் தேவையான உணவு. தொலைபேசியில் பேசும்போது பேச்சு குழறினாலோ, காரணமின்றிக் கோபப்பட்டாலோ, உடனே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். நெடும்பயணத்துக்குப் பின் 24 மணி நேரம் வரை, குறிப்பாக இரவில், சர்க்கரை குறையலாம். ஆகவே அன்றிரவு உணவைத் தவிர்க்க விடாதீர்கள். படுக்கும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது சர்க்கரை அளவுகளோடு இரண்டு செய்திகளையும் எழுதி வாருங்கள்: வாரத்தில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், வழியில் என்ன உண்கிறீர்கள். முதலாவதைப் பெருமையோடு சொல்பவர்கள் இரண்டாவதைக் கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அவ்விரண்டையும் அறிந்தால்தான் உங்கள் மருந்தின் அளவைச் சரியாக வகுக்க எங்களால் முடியும்.