பத்து 'பாயின்ட்' வேண்டாம், ஒரே ஊர் போதும்!

அரையாண்டுத் தேர்வு லீவு நெருங்கினாலே பல வீடுகளில் மலைக்குப் போகிற பேச்சு ஆரம்பித்துவிடும். 'காலையில் படகு சவாரி, பத்து மணிக்கு தொட்டபெட்டா, மதியம் ரோஜா பூங்கா, சாயந்திரம் குன்னூர், ராத்திரிக்குள் வீடு' என்று ஒரு பட்டியல் தயாராகும். கடைசியில் என்ன நடக்கும்? பாதி நாள் வண்டிக்குள் போகும், மீதி நாள் டிக்கெட் வரிசையில் போகும். மலையை எப்போது பார்ப்பது?

குளிர்காலத்தில் மலைக்குப் போனால், ஒரு சின்ன ஊரில் இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும். அந்தத் திட்டத்தைப் பெரியவர்களோடு உட்கார்ந்து நீங்களும் போட வேண்டும். இதுதான் என் கட்சி!

உதாரணத்துக்கு, நீலகிரியில் உள்ள கோத்தகிரியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் சுமார் 33 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். கோத்தர் என்ற பழங்குடி மக்களின் பெயரால் வந்த ஊர் இது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1819ல் பங்களா கட்டியது இங்குள்ள கன்னேரிமுக்கில்தான். ஊட்டி ஊராக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்!

'அங்கே மலை ரயில் போகாதே' என்று தம்பியோ தங்கையோ அழலாம். உண்மைதான். 1908ல் ஊட்டியைத் தொட்ட அந்த ரயில், 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அது கோத்தகிரிக்கு வராது. ஆனால், குன்னூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கலாமே! ரயில் டிக்கெட்டை ரொம்ப முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை.

'இவ்வளவு தூரம் செலவு பண்ணிப் போய்விட்டு, எல்லா இடத்தையும் பார்க்காமல் வருவதா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், குளிர்கால மலையில் பார்க்க வேண்டியது எதற்கும் டிக்கெட் கிடையாது. அது விடியற்காலையில் நடக்கிறது. அன்று காலையில் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

அது என்ன தெரியுமா? உறைபனி! சினிமாவில் வருவது போல வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகக் கொட்டும் பனி நீலகிரியில் இல்லை. மேகம் இல்லாத ராத்திரியில் தரையின் சூடு முழுவதும் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அங்கே காற்றில் உள்ள ஈரம் புல்லின் மேல் அப்படியே வெள்ளைப் பொடியாக உறைந்துவிடும். ஊட்டிப் பக்கம் உயரம் அதிகம் என்பதால் இது அங்கே அதிகம். தலைகுந்தா போன்ற பள்ளமான புல்வெளிகளைப் போய்ப் பார்த்தால் தெரியும். வெயில் ஏறினால் மாயமாகிவிடும். பத்து மணிக்கு வண்டியில் வந்து இறங்குகிறவருக்கு ஈரப் புல்தான் மிச்சம்!

இந்த இடத்தில் ஒன்றை யோசியுங்கள். நமக்கு வேடிக்கையாகத் தெரியும் உறைபனி, தேயிலை விவசாயிக்கு நஷ்டம். கொழுந்து கருகிவிட்டால் பறிக்க இலை இருக்காது. இலை இல்லை என்றால் பறிப்பவருக்குக் கூலியும் இருக்காது. ஊட்டி தாவரவியல் பூங்காவில், கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளைப் பரப்பிப் பூச்செடிகளை மூடி வைப்பார்கள். ஒரு ஊரில் இரண்டு நாள் தங்கினால்தான் இதெல்லாம் நம் கண்ணில் படும். ஊர்க்காரர்களிடம் பேசவும் நேரம் இருக்கும்.

கோத்தகிரியிலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர் காடு. மழைநீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்து, சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் தருகிறது. 2024ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். போனால், சத்தம் போடாமல் நின்று பறவைக் குரல் கேளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். கோத்தகிரி அருகே பேரகணியில் வெள்ளை உடையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுவார்கள். பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அது அவர்களின் வழிபாடு என்பதை மறக்காதீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது.

சரி, திட்டம் போட உட்காருவோமா?

முதலில் மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும். 2009 நவம்பரில் பெய்த பேய் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எனவே, வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். 'ரூமுக்குப் பணம் கட்டியாச்சு' என்று அடம் பிடிக்கக் கூடாது.

இரண்டாவது, அனுமதி. 2024 மே மாதம் முதல், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் முறை வந்தது. அரசு பஸ்சில் போனால் அது தேவையில்லை. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, உடை. ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை விட, இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லது. நடுவில் சிக்கும் காற்று சூட்டைக் காக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடித்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.

நான்காவது ரொம்ப முக்கியம். குளிருகிறது என்று மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பெரியவர்கள் யாராவது அப்படிச் செய்தால், தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்!

ஐந்தாவது, தண்ணீர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மிச்சச் சாப்பாட்டைத் தெருவில் போடாதீர்கள். அந்த வாசனைக்குக் கரடியும் காட்டெருமையும் ஊருக்குள் வரும். நாம் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவோம். அடுத்த நாள் காலை அதே தெருவில் பள்ளிக்கூடம் போவது உங்களைப் போன்ற ஒரு பையனோ பெண்ணோதான்.

சின்ன ஊருக்குச் சின்னக் குடிநீர்த் தொட்டி, சின்னக் குப்பை வண்டி. இதை நினைவில் வைத்துப் போகிறவர்தான் நல்ல விருந்தாளி. என்ன குட்டீஸ், இன்றைக்கே ஒரு பேப்பரை எடுத்துத் திட்டம் போடத் தொடங்குங்கள். முதல் வரியில் ஒரே ஒரு ஊரின் பெயர் இருக்கட்டும். அதன் கீழே 'காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்' என்று எழுதுங்கள். மீதியை அந்த ஊர் பார்த்துக்கொள்ளும்!